சம தூரத்தில் மதுரை

நிலையான இரண்டு புள்ளிகளாம், ஒன்று A, இன்னொன்று B. இரண்டிலிருந்தும் எப்போதும் சம தூரத்தில் இருக்கும்படி நகர வேண்டிய புள்ளியாம், P. ஏன், A-க்குக் காலில் முள் குத்திவிட்டதா? B எழுந்து நாலு அடி நடந்தால் மானம் போய்விடுமா? கணக்குப் புத்தகம் முழுக்க இந்த அநியாயம்தான், தட்டிக் கேட்க ஆள் இல்லை. P-தான் அலைய வேண்டும். மற்ற இரண்டும் ஆளுக்கொரு மூலையில் சம்மணம் போட்டுக்கொண்டு, என்ன, அந்தப் பக்கம் கொஞ்சம் கூடப் போய்விட்டாயா என்று அதட்டிக்கொண்டிருக்கும். பஸ் புலியூரைத் தாண்டிவிட்டது. கரூரிலிருந்து திருச்சி போகிற பஸ், ஆனால் எனக்குத் திருச்சி கிடையாது, குளித்தலையோடு சரி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இதே ரோடு, இதே வாழைத்தோப்பு, இதே வாய்க்கால். அம்மா கரூரில், அப்பா திருச்சியில், நான் நடுவில், குளித்தலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில். அங்கே வைத்துத்தான் அப்பாவுக்கு என்னைக் காட்டுவார்கள். பக்கத்து சீட்டில் குணசீலன் மாமா, அம்மாவின் அண்ணன். என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர், எந்த பஸ்ஸில் ஏறினாலும் அதில் குறை கண்டுபிடிக்காமல் உட்கார மாட்டார். "இந்த ரிவெட்டைப் பாரு அம்மிணி, கண்ண மூடிக்கிட்டு அடிச்சிருக்கான்" என்று சொல்லி முடித்துவிட்டுத் தூங்கிவிட்டார். தூங்கட்டும். என் மடியில் பை, பைக்குள் அட்லஸ், அட்லஸில் நானே போட்ட ஒரு கோடு. இன்றைக்கு அதை அப்பா முன்னால் விரித்து வைத்து, வருகிற சனிக்கிழமை மதுரைக்கு வந்தே ஆக வேண்டும் என்று கேட்கப் போகிறேன். வர முடியாது என்று சொல்ல இனிமேல் அவரிடம் ஒரு காரணமும் இல்லை. அம்மாவிடமும்தான் இல்லை, அவளிடம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்பேன்.

குளித்தலை என்று யார் முடிவு பண்ணினார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரோ ஒரு சொந்தக்காரர் கல்யாணம், குளித்தலையில் மண்டபம், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, கோர்ட் வரைக்கும் எதற்குப் போக வேண்டும், பேசியே முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். பிள்ளை தாயோடு இருக்கட்டும், தகப்பன் பார்த்துக்கொள்ளட்டும். எங்கே பார்ப்பது? அவர் கரூருக்கு வர மாட்டார், அவள் திருச்சிக்கு அனுப்ப மாட்டாள். அப்போது ஒரு பெரியவர், எனக்கு அவர் முகம் கூட ஞாபகமில்லை, வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, "அட, இந்த ஊருதானய்யா நடு! இங்கயே வெச்சுப் பார்த்துக்கட்டும். ஒருத்தருக்கும் தாழ்வு இல்ல" என்றார். அவ்வளவுதான், ஆகா ஓகோ என்று எல்லாருக்கும் சந்தோஷம், என்னமோ காவிரித் தண்ணீர்ப் பிரச்னையையே தீர்த்துவிட்ட மாதிரி. நான் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கப் ஐஸ்கிரீமை மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். உனக்கு எங்கே வசதி பாப்பா என்று ஒரு ஆள் திரும்பிக் கேட்கவில்லை. அன்றைக்குக் கல்யாணம் கரூரில் நடந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அன்றிலிருந்து நடு என்றால் குளித்தலை, குளித்தலை என்றால் நடு. நான் எதுக்கு அங்க போகணும் என்று அம்மா கேட்பாள். நான் எதுக்கும்மா அங்க வரணும் என்று அப்பா கேட்பார். ஒரே வாக்கியம், இரண்டு ஊரில் இரண்டு வாயிலிருந்து, ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் காப்பி அடித்த மாதிரி. என் பெயரைக் கூடப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சங்கமித்ரா என்று இருவரும் சேர்ந்து வைத்த பெயர்தான், இப்போது அவருக்குச் சங்கு, அவளுக்கு மித்ரா. என் பிறந்தநாள் கேக்கை அந்த பேக்கரியில்தான் வெட்டினோம், டீ குடிக்க வந்த ஆளெல்லாம் கை தட்டினார்கள். கை தட்டினவர்கள் மேல் கூட எனக்குக் கோபம் வந்தது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்.

அதனால்தான் ஸ்லிப் டெஸ்டில் அந்தக் கேள்விக்கு நான் யோசிக்கவே இல்லை. A, B என்ற இரு நிலைப்புள்ளிகளிலிருந்து சம தூரத்தில் இருக்குமாறு நகரும் புள்ளியின் நியமப்பாதை யாது? நடுப்புள்ளி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன். இதைவிட சுலபமான கேள்வி உலகத்தில் உண்டா? என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் கூடச் சொல்வேன், லாலாப்பேட்டைக்கு அடுத்த ஸ்டாப் என்று. ஜெபக்கனி மிஸ் அதற்கு முட்டை போட்டுக் கொடுத்தார். என் பேப்பரை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "நகரும் புள்ளின்னு சொல்லியிருக்கு, இவ அதை நடுவுல ஆணி அடிச்சு உக்கார வெச்சுட்டா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்து நின்று, "நடுப்புள்ளி சம தூரம் இல்லையா மிஸ்?" என்று கேட்டேன். "சம தூரம்தான். அது மட்டும்தானா சம தூரம்?" என்றார். சொல்லிவிட்டு போர்டுக்குத் திரும்பி மடமடவென்று போட ஆரம்பித்தார், PA சமம் PB, இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்து, இந்தப் பக்கம் ஒரு x வர்க்கம், அந்தப் பக்கம் ஒரு x வர்க்கம், அடி, y வர்க்கத்தையும் அடி. பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டு போன பிறகு மிச்சம் நின்றது ஒரு சாதாரண நேர்கோட்டின் சமன்பாடு. நடுவில் ஆரம்பித்து மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கிற கோடு. அதில் எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு பக்கமும் ஒரே தூரம், நடு என்பது அதில் ஒரே ஒரு புள்ளி, அவ்வளவுதான். "நிபந்தனைக்கு ஒத்து வர்ற புள்ளி ஒண்ணைக் கூட விடக் கூடாது, ஒத்து வராத ஒண்ணையும் சேர்க்கக் கூடாது, அதுதான் நியமப்பாதை. பப்ளிக்ல கண்டிப்பா வரும், வரையறையை அப்படியே மனப்பாடம் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு மிஸ் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. ஒன்றைக் கூட விடக் கூடாதாம்! இவர்கள் எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்ற அத்தனையையும் விட்டுவிட்டார்கள். முடிவே இல்லாத ஒரு கோட்டை, இதோ பார் இவ்வளவுதான் என்று ஒரு பேக்கரி மேஜையாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள். நானும் அதைத்தான் முழுப் பாதை என்று நம்பி, பரீட்சையில் வேறு எழுதி, முட்டை வாங்கியிருக்கிறேன்.

பஸ் மாயனூரில் நிற்கிறது. ஒரு அம்மாள் வெற்றிலைக் கூடையோடு ஏறி, கூடையை என் காலடியில் தள்ளிவிட்டு, "கொஞ்சம் பாத்துக்க கண்ணு" என்கிறார். பார்த்துக்கொள்கிறேன், வேறென்ன வேலை எனக்கு. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. என் வலது கையைப் பார்க்கிறேன், விரல் அடியில் காய்ப்பு, கழுத்தோரம் குண்டு உரசி உரசிக் கறுத்துப்போன இடம். குண்டு எறிகிற பெண் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், என் கையிலிருந்து அது கிளம்பிப் போகிற சத்தம் எனக்குப் பிடிக்கும், விழுகிற சத்தம் அதைவிடப் பிடிக்கும். மாவட்டத்தில் நான்தான் முதல். மாவட்டப் போட்டி கரூரில் நடந்தது, அம்மா வந்து கேலரியில் உட்கார்ந்து, நான் எறிவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டாள், விழுந்த பிறகுதான் திறந்தாள். ஆனாலும் வந்தாள். அப்பா நான் எறிந்து ஒரு தடவை பார்த்ததில்லை. கரூர் மைதானம் கரூரில் அல்லவா இருக்கிறது, அது என்ன செய்யும், பெயர்ந்து குளித்தலைக்கு வருமா? பேக்கரியில் உட்கார்ந்து மேஜை மேல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி, இப்படித் திரும்புவேன் அப்பா, இப்படித் தள்ளுவேன் என்று சொல்லிக் காட்டியிருக்கிறேன். சூப்பர் சங்கு என்பார். எதைப் பார்த்து சூப்பர்? டம்ளரைப் பார்த்தா? இப்போது மாநிலப் போட்டி, மதுரையில், சனிக்கிழமை. அம்மாவிடம் சொன்னேன். அவள் வடை மாவைப் பிசைந்துகொண்டே, "மதுரை அவருக்குத்தானே பக்கம்? திருச்சியிலேர்ந்து ஏறினா இறங்கிடலாம். நான் இங்கேர்ந்து அவ்ளோ தூரம் சுத்தி வர, அவரு சொகுசா வந்து முன் வரிசைல உக்காருவாரா? அவரே வரட்டும் போ" என்றாள். அப்பாவுக்கு போன் போட்டேன். "மதுரை உங்களுக்குத்தானேம்மா பக்கம்? கரூர்லேர்ந்து திண்டுக்கல், திண்டுக்கல்லேர்ந்து மதுரை. உங்கம்மா வர்ற இடத்துக்கு நான் எதுக்கு இங்கேர்ந்து மெனக்கெட்டு வரணும், அப்புறம் அவங்க எல்லைக்குள்ள வந்துட்டேன்னு பேச்சு வரும்" என்றார். போனை வைத்துவிட்டு நான் சமையல்கட்டு வாசலிலேயே நின்றேன். அவளைக் கேட்டால் அவருக்குப் பக்கமாம், அவரைக் கேட்டால் இவளுக்குப் பக்கமாம். அப்படியானால் மதுரை யாருக்குத்தான் பக்கம்? எனக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் இடறியது. இரண்டு பேரும் ஒரே அளவுக்குப் பொய் சொன்னால் அது என்ன இடம்?

லைப்ரரி பீரியடில் அட்லஸை எடுத்து, மெலிசான வெள்ளைத்தாளை மேலே வைத்துத் தமிழ்நாட்டை நகல் எடுத்தேன். பிறகு, எதற்கு நகல், ஒரிஜினலிலேயே போடுவோம் என்று என் சொந்த அட்லஸைக் கொண்டுவந்து போட்டேன். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருந்தது. திருச்சி மேல் முள்ளை வைத்தேன். மிஸ் சொன்னது, பாதிக்கு மேல் விரி, பாதிக்கு மேல் விரி. ஏன் பாதிக்கு மேல்? சும்மா ஒரு பிடிவாதத்தில் பாதிக்குக் குறைவாக விரித்து இரண்டு ஊரிலிருந்தும் வில் போட்டேன், இரண்டு வில்லும் சந்திக்கவே இல்லை, அதது அங்கங்கே வளைந்து தனியாக நின்றது. அப்புறம் சரியாகப் பாதிக்கு விரித்துப் போட்டேன். இரண்டு வில்லும் ஒரே ஒரு இடத்தில் லேசாக உரசிக்கொண்டன. எங்கே என்று சொல்லவும் வேண்டுமா, குளித்தலைப் பக்கத்தில்தான். எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. இவ்வளவுதானா விஷயம்! என் பாதி வரைக்கும் வருவேன், உன் பாதி வரைக்கும் நீ வா, அதற்கு மேல் ஒரு நூல் வர மாட்டேன். அப்படி இரண்டு பேரும் கறாராக நின்றால் கிடைப்பது ஒரே ஒரு புள்ளிதான், உரசிக்கொண்டு போகிற புள்ளி. ஆளுக்குக் கொஞ்சம் கூட விரித்திருந்தால் வில்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போயிருக்கும், மேலே ஒரு இடம் கீழே ஒரு இடம் என்று கிடைத்திருக்கும், இன்னும் விரிக்க விரிக்க இன்னும் கிடைத்திருக்கும். விரித்தேன். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன், மையக்குத்துக்கோடு, பென்சிலை அழுத்தி. மேலே தாத்தையங்கார்பேட்டை, அதற்கும் மேலே ஆத்தூர். கீழே வையம்பட்டி. கோடு அங்கே நிற்கவில்லை, நேராக இறங்கி மதுரை மேல் போய் உட்கார்ந்தது. மதுரை! என் கண்ணையே நம்ப முடியாமல் காம்பஸை வைத்துப் பார்த்தேன், திருச்சியிலிருந்தும் அதே விரிப்பு, கரூரிலிருந்தும் அதே விரிப்பு. மதுரையோடும் நிற்கவில்லை, கோவில்பட்டியை ஒட்டி, திருநெல்வேலியை ஒட்டி, கன்னியாகுமரிப் பக்கம் போய்க் கடலில் இறங்கிவிட்டது. கடல் வரைக்கும் எனக்கு இடம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக நான் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் இரண்டு பேரும் சொன்ன பதில் என்ன? யார் கூட்டிக்கிட்டுப் போறது. சம தூரத்தில்தானய்யா இருக்கிறது கடல்! லைப்ரரியில் சத்தம் போடாதே என்று எழுதியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிருஷ்ணராயபுரம் போய்விட்டது, மகாதானபுரமும் வந்துவிட்டது போல. மாமாவின் தலை என் தோளில் சாய்கிறது, தள்ளிவிடுகிறேன், மறுபடியும் சாய்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. மதுரையில் நான் வட்டத்துக்குள் போய் நின்று கேலரியைத் திரும்பிப் பார்க்கும்போது அங்கே மற்றவர்களின் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருந்தால்? திரும்பிப் பார்க்காமல் எறிந்துவிடலாம். பார்க்காமல் இருக்க முடியாது என்று எனக்கே தெரியும். அதை நினைக்காதே, வேறு எதையாவது நினை. நினைத்தால் டெங்கு வந்த வருஷம்தான் ஞாபகம் வருகிறது. கரூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன், கையில் டிரிப்ஸ், ரத்தத்தில் என்னமோ குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் அம்மாவிடம் மெதுவாகப் பேசுகிறார். அப்பா போன் பண்ணினார். நர்ஸ் என் காதில் வைத்தார். "சங்கு, பயப்படாத, அப்பா வந்துட்டேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, எங்கப்பா இருக்கீங்க, கீழயா என்றேன். "குளித்தலை வரைக்கும் வந்துட்டேன்மா" என்றார். குளித்தலை வரைக்கும்! அந்த பேக்கரியிலேயே உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் போன் பண்ணிக்கொண்டே இருந்தாராம், பாதியைத் தாண்டாமல். அதைவிட எனக்கு ஆத்திரம் அம்மா மேல். விஷயம் தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு இது வந்தது பாருங்கள், "அவ்ளோதான் வருவாரு, எனக்குத் தெரியும்" என்று. பிள்ளை படுத்துக் கிடக்கும்போது ஜெயித்த முகம். வாங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பாரோ என்னவோ. சொல்ல மாட்டாள், சொன்னால் அவள் பாதி குறைந்துவிடும். இதை எல்லாம் ஜெபக்கனி மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது. ஒன்று மட்டும் கேட்டேன். "A-யும் B-யும் ஒரே இடத்துல இருந்தா என்ன மிஸ் ஆகும்?" மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி எல்லாம் கேள்வி வராது, உக்காரு" என்றார். கேள்வி வராதாம். நானே போட்டுப் பார்த்தேன். x வர்க்கம் போய், y வர்க்கம் போய், அதோடு நிற்காமல் x-உம் போய் y-உம் போய் கடைசியில் பூஜ்ஜியம் சமம் பூஜ்ஜியம் என்று வந்து நின்றது. முதலில் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, எங்கே போய் நின்றாலும் அது உண்மைதான். கோடு இல்லை, பாதை இல்லை, தாள் முழுவதும் என்னுடையது. அளக்கவே வேண்டாம். அப்படி ஒரு காலம் எனக்கும் இருந்ததுதான், அது திரும்பி வர வேண்டும் என்றெல்லாம் நான் அழவில்லை, அவர்கள் சண்டை அவர்களோடு. ஒரு சனிக்கிழமை, ஒரு காலை நேரம், ஒரு கேலரியில் ஆளுக்கொரு கோடியில் உட்காருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

லாலாப்பேட்டையில் மாமா தானாக எழுந்துவிடுவார், பழக்கம். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பையைப் பார்க்கிறார். "என்ன அம்மிணி, பெரிய புஸ்தகமா இருக்குது?" அட்லஸ் என்கிறேன். கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. மாமா கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அதெல்லாம் பேப்பர்ல போடுற கணக்கு சாமி. ரெண்டு பேரும் ஒரு இடத்துல வந்து நின்னா வார்த்தை தடிக்கும். உன்ற நல்லதுக்குத்தான் எல்லாஞ் செய்யறோம்" என்கிறார். என் நல்லதுக்கு! என் நல்லது என்னவென்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிகிறது. "அஞ்சு வருஷமா நீங்களும் எங்கப்பாவும் ஒரே பேக்கரிலதான் உக்காந்திருக்கீங்க, என்ன வார்த்தை தடிச்சுது மாமா?" என்று கேட்கிறேன். தடிக்கவில்லை, ஏனென்றால் வார்த்தையே கிடையாது. மாமா அடுத்த மேஜையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார், அப்பா மாமாவின் முதுகைப் பார்க்காத மாதிரி என்னைப் பார்ப்பார்.

குளித்தலை. இறங்குகிறோம், வெயில் மண்டையில் அறைகிறது, ரோட்டைக் கடந்தால் பேக்கரி. அப்பா வழக்கம் போல முந்தியே வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு எக் பஃப்ஸ் சொல்லி வைத்திருக்கிறார். திருச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், அதனால் எப்போதும் என் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார். "வாம்மா சங்கு, கண்ணெல்லாம் சிவந்திருக்கு, தூங்கலையா?" மாமா அடுத்த மேஜைக்குப் போய் முதுகைத் திருப்பிவிட்டார். பஃப்ஸ் தட்டைத் தள்ளிவிட்டு அட்லஸை விரிக்கிறேன்.

"இது என்னம்மா கோடு?"

"திருச்சிக்கும் கரூருக்கும் சம தூரத்துல இருக்கிற எல்லா இடமும் இதுல இருக்குப்பா. குளித்தலை மட்டும் இல்ல. இதுல எங்க நின்னாலும் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே தூரம்தான். மதுரை எங்க இருக்கு பாருங்க."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிகிறார். விரல் குளித்தலையில் ஆரம்பித்துக் கோட்டின் மேலேயே மெதுவாக இறங்குகிறது, வையம்பட்டி, இன்னும் கீழே. "அட, மதுரை நேரா விழுதே!" என்கிறார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இதோ சொல்லப் போகிறார், வர்றேன் சங்கு என்று சொல்லப் போகிறார். "ஸ்கேல் வெச்சிருக்கியா?" என்கிறார். கொடுக்கிறேன். கரூரிலிருந்து மதுரைக்கு வைத்துப் பார்க்கிறார். திருச்சியிலிருந்து மதுரைக்கு வைத்துப் பார்க்கிறார். மறுபடியும் ஒரு தடவை. லென்ஸ் வெட்டுகிற ஆள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார்.

"எனக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வருதேம்மா."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். விளையாடவில்லை. நாற்காலி கிறீச்சென்று நகர்கிறது, மாமா எழுந்து வந்துவிட்டார். "எங்க, காட்டுங்க. அது பென்சில் தடிப்புங்க." "இல்லீங்க, ஊர்ப் புள்ளிக்கு நடுவுல வெச்சுத்தான் பார்த்தேன்." "அப்படிப் பார்த்தா ரோட்டுல எங்களுக்குத்தான் கூட. திண்டுக்கல் சுத்திப் போவோணும். கழுகு மாதிரி பறக்கவா போறோம்?" "நாங்க மட்டும் பறக்கறமா? விராலிமலை, துவரங்குறிச்சின்னு நாங்களும் ரோட்டுலதான் வரணும்." "நாஞ் சொல்றதக் கேளுங்க மாப்ள." "மச்சான், நீங்க முதல்ல ஸ்கேலை நேரா வைங்க." மாப்ளையாம், மச்சானாம்! அஞ்சு வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு தண்ணீர் ஜாடியை நகர்த்தச் சொல்லிக் கூடப் பேசாத இரண்டு பேர், இப்போது என் அட்லஸ் மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு மில்லிமீட்டருக்காக. எனக்கு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வருவது கொலை வெறிதான். கடல் வரைக்கும் போகிற கோட்டைக் காட்டினேன், இவர்கள் அதன் தடிப்பை அளக்கிறார்கள். இவர்களுக்கு மதுரையை என் கையால் தூக்கி சரியான இடத்தில் வைத்தாலும் அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். தூரம் இல்லை காரணம், தூரம் எப்போதும் காரணம் இல்லை, காம்பஸை இதற்கு மேல் விரிக்க இவர்களுக்கு மனசு இல்லை. நிபந்தனை, நிபந்தனை என்று P அதற்குக் கட்டுப்பட்டு ஓடுகிறதே, அந்த நிபந்தனையைப் போட்டது யார்? நான் போடவில்லை. வெற்றிலை துப்பின அந்தத் தாத்தா போட்டது.

அப்பா கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்குகிறேன். பேக்கரியே திரும்பிப் பார்க்கிறது.

"அளந்தது போதும்ப்பா. சனிக்கிழமை காலைல நான் மதுரையில இருப்பேன். உங்களுக்கு எவ்ளோ தூரம், அம்மாவுக்கு எவ்ளோ தூரம்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் நின்ன இடத்துலதான் நிப்பேன். வர்றவங்க வாங்க. இந்தக் குளித்தலைக்கு இனிமே நான் வர மாட்டேன்."

"அப்படி இல்ல சங்கு, அப்பா என்ன சொல்ல வர்றேன்னா..." என்கிறார். "அம்மிணி, உக்காரு, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோமல்ல" என்கிறார் மாமா. பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், அட்லஸ் அவர்களிடமே இருக்கட்டும். ரோட்டைக் கடக்கிறேன். கரூர் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நிற்கிறது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன், கன்னமெல்லாம் ஈரம், துடைத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் அப்பாவும் மாமாவும் பேக்கரியை விட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று இந்த பஸ்ஸை நோக்கி ஓடி வருகிறார்கள். இரண்டு பேரில் யார் கிட்டத்தில் இருக்கிறார் என்று நான் பார்க்கவில்லை.